வாங்க, ஓட்டுப் போடுங்க! - சர்வேக்களின் சரித்திரம்

உலகத்திலேயே சிறந்த பத்து பாட்டு எதுன்னு கேட்டா நீங்க என்ன சொல்வீங்க? 2002-ல் பிபிசி உலக சேவை தன்னோட எழுபதாவது வருஷத்தைக் கொண்டாட இதே கேள்வியை உலகத்தைப் பார்த்துக் கேட்டது. வாங்க, உங்களுக்குப் பிடிச்ச பாட்டுக்கு ஓட்டுப் போடுங்கன்னு அழைப்பு. 150-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான ஓட்டுகள் வந்து விழுந்தன. டிசம்பரில் முடிவு வெளியானது.

நாலாவது இடம் யாருக்குத் தெரியுமா? நம்ம ராஜாவுக்கு! 'தளபதி' படத்தின் 'ராக்கம்மா கையத் தட்டு'. ஐந்தாவது இடத்தில் ஈழத்துப் பாட்டு ஒன்று, திருமலை சந்திரன் பாடிய 'பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது'. ஆங்கிலப் பாட்டு உலகமே கொண்டாடும் குவீன் குழுவின் 'பொஹீமியன் ராப்சடி'க்குக் கடைசி இடம்தான், பத்து. பீட்டில்ஸ் பட்டியலிலேயே இல்லை.

படிச்சதும் விசில் அடிக்கத் தோணுதுல்ல? எனக்கும் தோணிச்சு. ஆனா விசில் அடிச்சு முடிச்சப்புறம் முதல் மூணு இடத்தையும் பாருங்க. முதலிடம் உல்ஃப் டோன்ஸ் என்ற ஐரிஷ் குழு பாடிய 'எ நேஷன் ஒன்ஸ் அகெய்ன்'. அயர்லாந்து விடுதலைக்காக 1840-களில் தாமஸ் டேவிஸ் எழுதியது. இரண்டாவது 'வந்தே மாதரம்'. மூன்றாவது 'தில் தில் பாகிஸ்தான்'. ஆக முதல் ஐந்து இடங்கள் இப்படி: அயர்லாந்து, இந்தியா, பாகிஸ்தான், தமிழ்நாடு, ஈழம்.

இது பாட்டுப் போட்டி முடிவு மாதிரியா இருக்கு? எனக்கென்னவோ பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் எந்த அணி சத்தமா கத்துச்சுன்னு பார்த்த மாதிரி இருக்கு. உல்ஃப் டோன்ஸுக்கு ஓட்டுப் போடச் சொல்லி மின்னஞ்சல் பிரசாரம் நடந்தது அப்பவே செய்தியில் வந்தது. நம்ம ஆளுங்க மட்டும் கையைக் கட்டிக்கிட்டு இருந்திருப்பாங்கன்னு நான் நம்பலை :-)

ராஜா பாட்டு நாலாவது இடத்துக்குத் தகுதியானதா இல்லையா என்பது இங்கே விஷயமே இல்லை (என்னைக் கேட்டா முதலிடம், அது வேற கதை). உலகத்துக்கு எந்தப் பாட்டு பிடிக்கும்னு பிபிசி கேட்டது. கிடைச்சதோ, "கூப்பிட்டதும் யாரெல்லாம் ஓடி வந்தாங்க?" என்ற வேறொரு கேள்விக்கான பதில். இரண்டும் ஒன்னு மாதிரியே தெரியும், ஆனா ஒன்னு இல்லை.

பாட்டு விஷயத்தில் இதனால யாருக்கும் நஷ்டம் இல்லை. ஆனா இதே குழப்பம் ஒரு பெரிய பத்திரிகையையே கவிழ்த்திருக்கு. கொரோனா காலத்தில் தடுப்பூசிக் கணக்கையே தப்பாக் காட்டியிருக்கு. ஜனங்களை சர்வேக்கு அழைப்பது எப்படி என்பதற்கு ஏறக்குறைய இருநூறு வருஷ வரலாறு இருக்கு. கொஞ்சம் பின்னாடி போய் ஆரம்பிப்போம்.

*

வைக்கோலும் காற்றும்

1824-ல் அமெரிக்க ஜனாதிபதி தேர்தல். அந்த ஜூலையில் 'ஹாரிஸ்பர்க் பென்சில்வேனியன்' என்ற பத்திரிகை, டெலவேர் மாநிலத்து வில்மிங்டன் ஊரில் எடுத்த ஒரு கணக்கை வெளியிட்டது. ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு 335 பேர், ஜான் குவின்சி ஆடம்ஸுக்கு 169 பேர், மத்த ரெண்டு பேருக்கும் சில்லறை. கருத்துக்கணிப்பு வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். இந்த மாதிரி கணக்குக்கு ஆங்கிலத்தில் வைக்கோல் ஓட்டுன்னு பேர். ஒரு வைக்கோலை மேலே தூக்கிப் போட்டா காற்று எந்தப் பக்கம் அடிக்குதுன்னு தெரியும் இல்லையா, அந்தக் கணக்கு.

ஜாக்சன்தான் அந்தத் தேர்தலில் அதிக மக்கள் ஓட்டு வாங்கினார். ஆனா யாருக்கும் தேவையான பெரும்பான்மை கிடைக்காததால் விஷயம் பிரதிநிதிகள் சபைக்குப் போய், ஆடம்ஸ் ஜனாதிபதியானார். வைக்கோல் காற்றைச் சரியாத்தான் காட்டியது, கப்பல்தான் வேற திசையில் போயிருச்சு.

இதுக்கப்புறம் ஒவ்வொரு தேர்தலுக்கும் பத்திரிகைகள் இந்த வேலையைச் செய்தன. சந்தையில், ரயிலில், கூட்டத்தில் யார் கிடைச்சாலும் கேட்க வேண்டியது, எண்ணிக்கையை அச்சடிக்க வேண்டியது. இதைப் பெரும் தொழிலாவே மாத்தினது 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற வாரப் பத்திரிகை.

*

ஒரு கோடி அட்டைகள்

லிட்டரரி டைஜஸ்ட் 1890-ல் தொடங்கப்பட்டது. அகராதி போடும் ஃபங்க் அண்ட் வாக்னல்ஸ் கம்பெனியின் பத்திரிகை. 1916-லிருந்து ஜனாதிபதி தேர்தலுக்குக் கணிப்பு நடத்த ஆரம்பிச்சாங்க. முறை ரொம்ப எளிமை. டெலிபோன் டைரக்டரி, கார் பதிவுப் பட்டியல் மாதிரியான இடங்களிலிருந்து முகவரி எடுத்து, ஓட்டுச்சீட்டு மாதிரி ஒரு அட்டையைத் தபாலில் அனுப்புவாங்க. நீங்க டிக் அடிச்சுத் திருப்பி அனுப்பணும். அப்படியே சந்தா கட்டச் சொல்லியும் கேட்பாங்க! வெறும் ஆர்வத்தில் நடத்தின கணிப்பு இல்லை, விற்பனையைப் பெருக்கும் வழியும் கூட. "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்ற வாசகத்துக்குப் பின்னாடி எப்பவுமே ஒரு கல்லாப்பெட்டி இருந்திருக்கு போல.

ஆனா சொன்னது பலிச்சது. 1916, 1920, 1924, 1928, 1932 என வரிசையா ஐந்து தேர்தல்களில் யார் ஜெயிப்பார்னு சரியாச் சொன்னாங்க. 1932-ல் ரூஸ்வெல்ட் வாங்கப்போகும் ஓட்டு சதவீதத்தை ஏறக்குறைய அச்சு அசலாச் சொன்னாங்க. ஊரே வாயைப் பிளந்தது.

1936 வந்தது. ரூஸ்வெல்ட்டை எதிர்த்து கான்சாஸ் மாநில கவர்னர் ஆல்ஃப்ரெட் லாண்டன். டைஜஸ்ட் இந்த முறை சுமார் ஒரு கோடி அட்டைகள் அனுப்பியது. ஒரு கோடி! கம்ப்யூட்டர் கிடையாது, உறை மேல் முகவரி எழுதுவதற்கே ஒரு பட்டாளம் வேணும். திரும்பி வந்தவை 23,76,523 அட்டைகள். அதில் லாண்டனுக்கு 12,93,669. ரூஸ்வெல்ட்டுக்கு 9,72,897. லாண்டன் சுலபமா ஜெயிக்கிறார்னு பத்திரிகை சொன்னது.

நவம்பர் 3-ம் தேதி தேர்தல். ரூஸ்வெல்ட்டுக்கு 60.8 சதவீதம், லாண்டனுக்கு 36.5. இருந்த 48 மாநிலங்களில் 46-ஐ ரூஸ்வெல்ட் வாரிக்கொண்டு போனார். லாண்டனுக்கு மெய்னும் வெர்மான்ட்டும் மட்டும். தேர்வாளர் கணக்கில் 523-க்கு 8. லாண்டனுக்குத் தன் சொந்த மாநிலம் கூட கிடைக்கலை.

அதே வருஷம் ஜார்ஜ் கேலப் என்று ஒருவர். 1935-ல்தான் கருத்துக்கணிப்பு நிறுவனம் ஆரம்பிச்சிருந்தார். அவரோட மாதிரி சுமார் 50,000 பேர்தான், டைஜஸ்ட் முன்னாடி கொசு. ஆனா ரூஸ்வெல்ட் ஜெயிப்பார்னு சொன்னார். அதோட விட்டாரா? டைஜஸ்ட் அட்டைகளை அனுப்புறதுக்கு முன்னாடியே, ஜூலையிலேயே, "அவங்க கணிப்பில் லாண்டனுக்கு 56 சதவீதம் வரும், அது தப்பா இருக்கும்"னு எழுதிட்டார். அதே மாதிரி பட்டியல்களிலிருந்து 3,000 பேருக்கு மட்டும் அட்டை போட்டுப் பார்த்துத்தான் இதைச் சொன்னார். டைஜஸ்ட் ஆசிரியர் வில்ஃப்ரட் ஃபங்க்குக்கு பயங்கரக் கோபம். ஆனா நடந்தது கிட்டத்தட்ட அப்படியேதான்.

3,000 அட்டை வைத்து, 23 லட்சம் அட்டை என்ன தப்பு சொல்லும் என்று முன்கூட்டியே சொன்ன அந்தச் சம்பவத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

டைஜஸ்ட்டால் எழுந்திருக்கவே முடியலை. அடுத்த வருஷம் கைமாறியது, 1938-ல் நின்றே போனது. மிச்சமிருந்த சந்தாதாரர்களை டைம் பத்திரிகை எடுத்துக்கொண்டது. அந்தச் சறுக்கல் மட்டுமே காரணம்னு சொல்ல முடியாது, பத்திரிகை ஏற்கனவே தள்ளாடிக்கிட்டுத்தான் இருந்தது. ஆனா கடைசித் தள்ளு இதுதான்.

*

வராத அட்டைகள்

எல்லா புள்ளியியல் புத்தகத்திலும் இந்தக் கதை இருக்கும். எங்க காலேஜ் புத்தகத்திலும் ரெண்டு வரியில் இருந்தது. அதில் சொல்லும் நீதி என்ன? "பொருளாதார மந்தம் நடந்த காலத்தில் போனும் காரும் வெச்சிருந்தவங்க பணக்காரங்க. பணக்காரங்க ரூஸ்வெல்ட்டுக்கு எதிரி. அதனால கணிப்பு தப்பிச்சு." அவ்வளவுதான், அடுத்த பாடம்.

இது பாதி உண்மைதான். மீதிப் பாதிதான் நம்ம விஷயம். 1937-ல் கேலப் நிறுவனம் ஒரு கணிப்பில் ஜனங்களிடம் கேட்டது: உங்களுக்கு டைஜஸ்ட் அட்டை வந்துச்சா? திருப்பி அனுப்பினீங்களா? யாருக்கு ஓட்டுப் போட்டீங்க? அந்தப் பழைய விவரத்தை 1988-ல் பெவரில் ஸ்குவையர் என்ற அரசியல் அறிவியல் ஆய்வாளர் தோண்டி எடுத்து அலசினார்.

அட்டை கிடைத்தவர்களை மொத்தமாகப் பார்த்தால் அவர்களிலேயே ரூஸ்வெல்ட்டுக்குத்தான் பெரும்பான்மை. போனும் காரும் இரண்டும் வெச்சிருந்தவங்களிடமும் அவர்தான் முன்னணி. ஆனா அட்டையைத் திருப்பி அனுப்பினவர்களை மட்டும் பார்த்தால் லாண்டன் கொஞ்சம் முன்னாடி. வாங்கி வெச்சுக்கிட்டு அனுப்பாமல் விட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் ரூஸ்வெல்ட் ஆட்கள்.

அதாவது, பட்டியல் கோணல் என்பது நிஜம். ஆனா அந்தக் கோணல் பட்டியலிலேயே எல்லாரும் பதில் போட்டிருந்தா, ஜெயிப்பவர் யார் என்பதையாவது டைஜஸ்ட் சரியாச் சொல்லியிருக்கும்! கவிழ்த்தது வராத அட்டைகள்.

சிகாகோ இதுக்கு நல்ல உதாரணம். அங்கே டெலிபோன் டைரக்டரி எல்லாம் இல்லை. வாக்காளர் பட்டியலிலிருந்தே மூன்றில் ஒருவருக்கு அட்டை அனுப்பினாங்க. அப்படின்னா ஏழை, பணக்காரர் எல்லாருக்கும் போயிருக்கும். ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான் பதில் போட்டார். அதில் பாதிக்கு மேல் லாண்டனுக்கு. தேர்தலில் அந்த நகரத்தில் ரூஸ்வெல்ட் வாங்கினது சுமார் மூன்றில் இரண்டு பங்கு. பட்டியல் சரி, பதில் கோணல்.

ஏன் அப்படி? இருக்கிற ஆட்சி மேல கடுப்பா இருக்கிறவனுக்குத்தான் பேனா எடுக்கத் தோணும். திருப்தியா இருக்கிறவன் அட்டையை அலமாரியில் வெச்சுட்டு வேலையைப் பார்க்கப் போவான். ஹோட்டல்ல சாம்பார் நல்லா இருந்தா எத்தனை பேர் முதலாளியைக் கூப்பிட்டுச் சொல்றோம்? உப்பு அதிகமானா சும்மா விடுவோமா?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்னு நம்ம ஊர்ல சொல்றது இதைத்தான். ஒரே ஒரு பருக்கை போதும், முழுப் பானையையும் சாப்பிட வேண்டாம். ஆனா பருக்கையை நாம எடுக்கணும். பானையிலிருந்து தானா துள்ளி வெளியே குதிக்கிற பருக்கையை வெச்சு முடிவு பண்ணக் கூடாது. அப்படிக் குதிச்சது 23 லட்சம் பருக்கையா இருந்தாலும் சரி.

கேலப்பும் கடவுள் இல்லை என்பதையும் சொல்லிடணும். 1936-லேயே ரூஸ்வெல்ட்டுக்கு 56 சதவீதம்னு ஐந்து புள்ளி குறைச்சுத்தான் சொன்னார். 1948-ல் டூயி ஜெயிப்பார்னு சொல்ல, ட்ரூமன் ஜெயிச்சு சிரிச்சார். ஆண் இத்தனை, பெண் இத்தனை, ஏழை இத்தனைன்னு ஒதுக்கீடு கொடுத்து, ஆளைத் தேர்ந்தெடுப்பதைக் கேள்வி கேட்கப் போறவர் இஷ்டத்துக்கு விட்டிருந்தாங்க. கண்ணுக்கு லட்சணமா, சுலபமா யார் கிடைச்சாங்களோ அவங்களைத்தான் கேட்பாங்க, மனுஷ சுபாவம். அதுக்கப்புறம்தான் அமெரிக்காவில் குலுக்கல் முறைக்கு மரியாதை வந்தது. இந்த விஷயத்தில் நம்ம நாடு பின்தங்கி இல்லை. வங்காளத்தில் சணல் பயிர் எவ்வளவு பரப்புன்னு மாதிரி எடுத்துப் பழகியிருந்த மகலநோபிஸ் வழிகாட்டலில் 1950-லேயே தேசிய மாதிரி சர்வே தொடங்கியாச்சு. எந்த ஊர், எந்த வீடு என்பதைக் குலுக்கல் சொல்லும், கணக்கெடுப்பவர் தேடிப் போய்க் கதவைத் தட்டுவார். அங்கே "விருப்பம் இருந்தா வாங்க" கிடையாது.

*

ஒரு டாலர் மொய்

சரி, தேடிப் போனாலும் சிலர் பதில் சொல்ல மாட்டாங்களே, அவங்களை எப்படிச் சொல்ல வைக்கிறது? இதையே வாழ்நாள் வேலையா எடுத்துக்கிட்டவர் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் டான் டில்மன். 1978-ல் புத்தகமே போட்டார். அவர் முறையில் மந்திரம் எதுவும் இல்லை, விடாப்பிடியான மரியாதை மட்டும்தான். கடிதம் பேர் போட்டு வரணும். கையெழுத்து பேனாவால் போடணும். ஏன் உங்களைக் கேட்கிறோம், உங்க பதில் எதுக்குப் பயன்படும்னு சொல்லணும். ஒரு வாரம் கழிச்சு நினைவூட்டும் அட்டை. மூணாவது வாரம் பதில் வராதவங்களுக்குப் புதுக் கேள்வித்தாள். ஏழாவது வாரம் பதிவுத் தபாலில் இன்னொன்னு.

கவனிச்சீங்களா? உழைப்பு முழுக்க வராதவங்க பின்னாடி. புதுசா இன்னும் பத்தாயிரம் பேருக்கு அனுப்பி எண்ணிக்கையை நிரப்பிக்கலாம், அது சுலபம். அப்படிச் செய்தா அதே மாதிரி ஆட்கள்தான் இன்னும் அதிகமா வருவாங்க.

காசு கொடுத்தா? இதுக்கும் ஆராய்ச்சி இருக்கு. 1992-ல் ஜேம்ஸ், போல்ஸ்டீன் என்ற இருவர் வெளியிட்டது. சின்ன கட்டுமான ஒப்பந்தக்காரர்களுக்குத் தபாலில் கேள்வித்தாள் அனுப்பினாங்க. எதுவும் கொடுக்காதவங்களில் 52 சதவீதம் பேர் பதில் போட்டாங்க. உறைக்குள்ளேயே ஒரு டாலர் நோட்டு வெச்சு அனுப்பினவங்களில் 64 சதவீதம். பதில் அனுப்பினா 50 டாலர் தர்றோம்னு சொன்னவங்களில்? 57 சதவீதம்தான்!

வாக்குறுதி 50 டாலரை விட கையில் கொடுத்த ஒரு டாலர் பெருசு. அமெரிக்கக்காரங்க இதுக்கு சமூகப் பரிமாற்றம், அது இதுன்னு கோட்பாடு சொல்றாங்க. நம்ம ஊர்ல இதுக்கு மொய்னு பேரு :-) அவன் நம்ம வீட்டு விசேஷத்துக்கு முன்னாடியே எழுதிட்டான், நாம திருப்பிச் செய்யாட்டி மனசு உறுத்தும். "நீ வந்தா தர்றேன்" என்பது கூலி. "இந்தா வெச்சுக்க, முடிஞ்சா ஒரு உதவி" என்பது மரியாதை. கூலின்னா அது கட்டுப்படியாகுமான்னு கணக்குப் பார்ப்போம். மரியாதைக்குக் கணக்கு பார்க்க மாட்டோம்.

*

இணையம் வந்தது

இவ்வளவு பாடம் படிச்சப்புறம் இணையம் வந்தது. எல்லாரும் படிச்சதை மறந்து நேரா 1824-க்குத் திரும்பிப் போனாங்க.

1998-ல் பீப்பிள் பத்திரிகை தன் தளத்தில் உலகத்தின் அழகான மனிதர் யார்னு ஓட்டுக் கேட்டது. டைட்டானிக் வந்த நேரம், லியோனார்டோ டிகாப்ரியோதான்னு ஊருக்கே தெரியும். ஹோவர்ட் ஸ்டெர்ன் வானொலி நிகழ்ச்சியில் வரும், ஹேங்க் என்ற குடிகாரக் குள்ளர் பாத்திரத்தின் பெயரை அந்த நிகழ்ச்சி ரசிகர்கள் எழுதிப்போட ஆரம்பிச்சாங்க. முடிவில் ஹேங்குக்கு 2,30,000 ஓட்டு. டிகாப்ரியோவுக்கு சுமார் 14,000. 2007-ல் புது உலக அதிசயங்கள் என்று ஒரு தனியார் அமைப்பு ஓட்டெடுத்தபோது, தாஜ்மகாலுக்காக நம்ம நாடே எஸ்எம்எஸ் அனுப்பியது. யுனெஸ்கோ, "எங்களுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை" என்று ஒதுங்கிக்கொண்டது.

ஆனா அதே 1998-ல் வேறொன்னும் நடந்தது, அது அவ்வளவா யாருக்கும் தெரியாது. நார்மன் நை, டக்ளஸ் ரிவர்ஸ் என்ற இரண்டு ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர்கள் ஒரு கம்பெனி ஆரம்பிச்சாங்க. பின்னாடி அதுக்கு நாலெட்ஜ் நெட்வொர்க்ஸ்னு பேர். இணையத்திலேயே சர்வே எடுக்கணும், ஆனா இணையத்தில் இருக்கிறவங்களை மட்டும் கேட்கக் கூடாது. இது எப்படி முடியும்? குலுக்கலில் டெலிபோன் எண் எடுத்து வீட்டுக்கு போன் போட்டாங்க. சம்மதிச்ச வீட்டுக்கு டிவியில் மாட்டும் வெப்டிவி கருவியையும் இணைய இணைப்பையும் இலவசமாக் கொடுத்தாங்க. ஜனங்கள் இணையத்துக்கு வரட்டும்னு காத்திருக்காம, இணையத்தை ஜனங்கள் வீட்டுக்குக் கொண்டு போனாங்க! 2007-ல் நெதர்லாந்தில் டில்பர்க் பல்கலைக்கழகத்துக்காரங்களும் இதே மாதிரி கம்ப்யூட்டர் இல்லாத வீடுகளுக்கு எளிமையான ஒரு கம்ப்யூட்டரைக் கொடுத்துக் குழு அமைச்சாங்க.

செலவு எக்கச்சக்கம். ஒரு பேனர் போட்டா லட்சம் பேர் வர்ற இடத்தில் இது எதுக்குன்னு பல பேர் சிரிச்சிருப்பாங்க. இந்த வெப்டிவி வீடுகளை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வருவாங்க.

நானும் பொட்டி தட்டுறவன்தான் என்பதால் இந்த இடத்தில் என் தரப்பையும் சொல்லிடறேன். சர்வே பாப்-அப் எழுதுவது எங்க வேலையில் அன்றாட ஆணி. மீட்டிங்கில் பேசுவதெல்லாம் பொத்தான் என்ன கலர், பக்கம் திறந்து எத்தனை செகண்டில் வரணும், கூப்பன் கொடுக்கலாமா என்பதுதான். போன மாசம் 8,000 பதில், இந்த மாசம் 12,000, கிராஃப் மேலே போகுது, கை தட்டு. அந்த ஆப் பிடிக்காம அழிச்சுட்டுப் போனவருக்கு அந்த பாப்-அப் வரவே வராது. ஆங்கிலத்தில் கேள்வியைப் பார்த்ததும் மூடிட்டவர் எந்த கிராஃபிலும் இல்லை. கூப்பனுக்காகவே பத்துப் பேரில் பதில் போட்டவர் மட்டும் பத்துப் பேரா உள்ளே இருப்பார். எத்தனை பேருக்குக் காட்டினோம், அதில் யார் யார் பதில் சொல்லலைன்னு ஒரு பட்டியல் போடுவது எங்களுக்கு ஒரு மணி நேர வேலை. அதை யாரும் கேட்டதில்லை.

*

இரண்டரை லட்சமும் ஆயிரமும்

ஷாவ்-லி மெங் என்ற ஹார்வர்டு புள்ளியியல் பேராசிரியர் 2018-ல் ஒரு கட்டுரை எழுதினார். 2016 அமெரிக்கத் தேர்தல் விவரங்களை வெச்சு ஒரு கணக்கு. பதில் சொல்லும் ஆர்வத்துக்கும் யாருக்கு ஓட்டு என்பதுக்கும் துளியூண்டு தொடர்பு, அரை சதவீத அளவுக்கு இருந்தாக்கூட போதும். வாக்காளர்களில் ஒரு சதவீதம் பேரிடம், அதாவது சுமார் 23 லட்சம் பேரிடம் வாங்கின பதிலின் மதிப்பு, ஒழுங்கா குலுக்கி எடுத்த 400 பேரின் பதில் மதிப்புதான். 23 லட்சம்! டைஜஸ்டுக்குத் திரும்பி வந்த அட்டைகளும் அதே 23 லட்சம். தற்செயல்தான், ஆனா எனக்குப் படிக்கும்போது லேசா சிலிர்த்தது.

இது தேர்தல் ஜோசியம் மட்டும்னா போகட்டும்னு விடலாம். 2021-ல் நடந்ததை அப்படி விட முடியாது.

கொரோனா தடுப்பூசி போட ஆரம்பிச்ச நேரம். எத்தனை பேர் போட்டுக்கிட்டாங்க, எந்த ஊரில் தயங்கறாங்கன்னு அரசுக்குத் தெரியணும். ஃபேஸ்புக்கும் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு சர்வே நடத்தின. ஃபேஸ்புக் பயனாளிகளுக்கு அழைப்பு காட்டுவாங்க. வாரத்துக்கு சுமார் 2,50,000 பதில்கள். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகமும் மின்னஞ்சல், குறுஞ்செய்தி மூலம் அழைப்பு அனுப்பி இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சுமார் 75,000 பதில்கள் வாங்கியது. மூணாவதா ஆக்சியோஸ்-இப்சோஸ் என்ற சின்ன சர்வே, ஒரு தடவைக்கு சுமார் 1,000 பேர்.

மே 2021-ல், முதல் டோஸ் போட்டவர்கள் எத்தனை சதவீதம் என்பதில் ஃபேஸ்புக் சர்வே உண்மையை விட 17 புள்ளி அதிகமாகக் காட்டியது. கணக்கெடுப்பு அலுவலக சர்வே 14 புள்ளி அதிகம். ஆயிரம் பேர் சர்வே உண்மைக்குப் பக்கத்திலேயே நின்றது. மெங் உட்பட சிலர் சேர்ந்து அதே வருஷக் கடைசியில் நேச்சர் இதழில் இதை வெளியிட்டாங்க. இரண்டரை லட்சம் பதில்கள், சரியாகக் குலுக்கி எடுத்த பத்தே பத்து பேரை விட மேல் இல்லை என்பது அவங்க கணக்கு.

பதினேழு புள்ளின்னா வெறும் எண் இல்லை. நூறு பெரியவர்களில் பதினேழு பேர் ஊசி போடாமலேயே போட்டதாகக் கணக்கில் ஏறுகிறார்கள். ஊசி போட நேரம் கிடைக்காதவங்க, நம்பிக்கை இல்லாதவங்க, யாரும் போய்ச் சொல்லாதவங்க. யாரைத் தேடிப் போகணுமோ அவங்களேதான் சர்வேக்கு வராதவங்க. அந்த எண்ணை நம்பி ஒரு அதிகாரி "இங்கே வேலை முடிஞ்சுது" என்று முகாமை மூடினால்?

நியாயமா ஒன்னு சொல்லணும். ஃபேஸ்புக் சர்வே நடத்தினவங்க, ஒரு ஊரை இன்னொரு ஊரோடு ஒப்பிடவும் வாரா வாரம் வரும் மாற்றத்தைப் பார்க்கவும்தான் இது முக்கியமா உருவானதுன்னு பதில் சொன்னாங்க. அதில் அர்த்தம் இருக்கு. ஆனா பெரிய எண்ணைப் பார்த்ததும் ஜனங்களுக்கு அந்த அடிக்குறிப்பு எல்லாம் கண்ணில் படாது.

அப்புறம் அந்த ஆயிரம் பேர் யாரு? இங்கேதான் வெப்டிவி வீடுகள் திரும்ப வர்றாங்க. நாலெட்ஜ் நெட்வொர்க்ஸ் அமைச்ச அந்தக் குழு பல கை மாறி இப்சோஸ் நிறுவனத்துக்கு வந்தது. ஆக்சியோஸ் சர்வேக்கு ஆட்கள் வந்தது அந்தக் குழுவிலிருந்துதான். முகவரிப் பட்டியலில் குலுக்கி எடுத்து, தபாலில் அழைத்து, இணையம் இல்லாத வீட்டுக்கு டேப்லெட்டும் இணைப்பும் கொடுத்துச் சேர்த்த ஆட்கள். 1998-ல் எக்கச்சக்கமாத் தெரிஞ்ச அந்தச் செலவு, 2021-ல் உண்மையைச் சொன்னது.

*

ஆக, சர்வேக்கு ஜனங்களை எப்படி ஊக்குவிக்கிறது என்ற கேள்விக்கு இந்த இருநூறு வருஷம் சொல்ற பதில் ஒன்னுதான். ஓடி வர்றவங்களை இன்னும் வேகமா ஓட வைக்கிறது ஊக்குவிப்பு இல்லை. அவங்க எப்படியும் வருவாங்க, கூடவே நாலு பேரைக் கூட்டிக்கிட்டு வருவாங்க. வராதவங்க யாருன்னு பேர் வாரியாத் தெரிஞ்சுக்கிட்டு, அவங்க வாசல் வரைக்கும் போய், அவங்க மொழியில் கேட்டு, இன்னொரு தடவையும் கேட்கிறதுதான் ஊக்குவிப்பு. அது மெதுவாத்தான் நடக்கும், செலவும் ஆகும், கிராஃபும் அழகா மேலே போகாது.

அடுத்த முறை "2 லட்சம் பேர் சொல்கிறார்கள்" என்று செய்தி படிச்சா, அந்த 2 லட்சத்தை ஓரமா வெச்சுட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்க: எத்தனை பேரைக் கூப்பிட்டீங்க? அதே மாதிரி, எப்பவாவது உங்க வீட்டுக் கதவைத் தட்டி ஒரு கணக்கெடுப்பாளர் நின்னா, கூப்பன் எதுவும் இல்லாட்டியும் அவருக்கு ஒரு பத்து நிமிஷம் கொடுங்க. குலுக்கலில் உங்க வீடு விழுந்திருக்கு. நீங்க பேசலைன்னா, உங்களை மாதிரி ஆயிரக்கணக்கானவங்க அந்தக் கணக்கில் காணாமல் போயிடுவாங்க.

ராஜா விஷயத்தில் மட்டும் எந்தக் குலுக்கலும் வேண்டாம். அந்த நாலாவது இடம் இருக்கட்டும் :-)